தலைநகரின் தோட்டப் பறவைகளும் ஒளிப்படக் கலையும்

பறவையை அறிய விரும்பியவர்கள் முதலில் அதனைச் சுட்டுக் கொன்றார்கள். கேட்பதற்குக் கடுமையாக இருப்பினும் வரலாறு கூறுவது இதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொலைவிலுள்ள சிறு பறவையைத் தெளிவாகக் காட்டும் இருகண் நோக்கி எல்லோர்க்கும் கிடைத்த பொருளன்று. பறவைகளை வகைபிரித்துக் கூறும் கையேடும் அன்று இல்லை. இறகின் நிறத்தைப் புரட்டிப் பார்த்து, அலகின் நீளத்தை அளந்தாலன்றி, இன்ன பறவை எனத் துணிந்து கூற இயலாது. அளக்க வேண்டுமாயின் பறவை கையில் இருத்தல் வேண்டும். கையில் வரவேண்டுமாயின் துப்பாக்கி வேண்டும்.

நம் நாட்டில் இம்முறையின் உச்சியில் நிற்பவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரசுப் பேரவையைத் தோற்றுவித்தவர் என்று பள்ளிப் பாடத்தில் நாம் படித்த அதே ஹியூம்தான். சிம்லாவில் இருந்த தம் மாளிகையில் இவர் சேர்த்து வைத்திருந்த பறவைத் தொகுதிக்கு ஆசியக் கண்டத்திலேயே நிகரில்லை என்பர். இந்தியப் பறவைகளைப் பற்றி முழுநூல் ஒன்று எழுதுவதற்காகப் பல்லாண்டுகள் திரட்டிய கையெழுத்துப் படிகளையும் அங்கேயே வைத்திருந்தார். அவர் ஊரில் இல்லாத காலத்தில் வேலையாள் ஒருவர் அவற்றைப் பழங்காகிதமாகக் கடைத்தெருவில் எடைக்குப் போட்டுவிட்டார். மனமுடைந்த ஹியூம் 1885-இல் தம் தொகுதி முழுவதையும் இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அளித்துவிட்டார். தோலும் முட்டையுமாக அது ஏறத்தாழ 82,000. காங்கிரசு பிறந்ததும் அவ்வாண்டிலேயே.

இவ்வெண்ணைக் காட்டி ஹியூமைக் குறை கூறுவது நம் கருத்தன்று. அவர் காலத்தில் அறிவுக்கு வேறு வாயில் இல்லை. அன்னார் போன்றோர் திரட்டிய தோல்களைக் கொண்டே பின்வந்தோர் கையேடுகளை எழுதினர். அக்கையேடுகள் வந்த பின்னரே துப்பாக்கி தேவையற்றுப் போயிற்று. இன்று தில்லியில் குளிர்காலக் காலைப் பொழுதில் பூங்காக்களில் உலவுவோர், மர உச்சியின் இலைகளுக்கிடையே ஓயாது துள்ளித் திரியும் பச்சைநிறச் சிறு குருவி ஒன்றைக் காணலாம். இமயச் சாரலிலிருந்து குளிருக்கு ஒதுங்க வரும் அதன் பெயர் ஹியூமின் இலைக்கதிர்க்குருவி. படமெடுப்போரை அது படுத்தும் பாடு சொல்லி முடியாது. கருவியைக் கண்ணருகே கொணர்வதற்குள் மறுகிளைக்குச் சென்றுவிடும். எண்பதினாயிரம் பொருள்களைக் கையகப்படுத்தியவரின் பெயரைத் தாங்கிய குருவி எவர் கைக்கும் சிக்காமல் திரிவதைக் காணும்போதெல்லாம் நமக்குச் சிறு நகைப்பு உண்டாவதுண்டு.

துப்பாக்கி இருந்த இடத்தில் படக்கருவியை வைத்துக் காட்டியவர்கள் இங்கிலாந்தின் யார்க்ஷயர்ப் பகுதியில் பிறந்த கியர்டன் உடன்பிறப்பினர். அண்ணன் ரிச்சர்டு எழுதுவார். தம்பி செர்ரி படமெடுப்பார். 1892 ஏப்ரலில் முட்டைகளோடு கூடிய பறவைக்கூடு ஒன்றைச் செர்ரி படமெடுத்தார். அதிலிருந்து தொடங்கி, 1895-இல் பிரிட்டனின் பறவைக் கூடுகளைப் பற்றி இருவரும் ஒரு நூல் வெளியிட்டனர். இயற்கைச் சூழலில் எடுத்த ஒளிப்படங்களையே முழுதும் கொண்டு வெளிவந்த முதல் இயற்கை நூல் அதுவே என்பர். பறவைகள் மாட்டைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதை அறிந்த இவர்கள், எருது ஒன்றின் தோலைப் பாடம் செய்து, உள்ளே ஆள் நிற்குமாறு குடைந்து, அதனுள் கருவியோடு மறைந்து நின்று படமெடுத்தார்கள். ஒருமுறை உள்ளிருந்தவரோடு அவ்வெருது கவிழ்ந்து நான்கு கால்களையும் வானோக்கி நீட்டியது என்பது இக்கலையின் வரலாற்றில் இன்றும் கூறப்படும் கதை.

இவர்களது முதல் நூல் பறவைகளைப் பற்றியதாக அமையாமல் கூடுகளைப் பற்றியதாக அமைந்தது தற்செயல் அன்று. இதனைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். பின்னர் நேர்ந்த பல தீங்குகளுக்கு வேர் ஈண்டே உள்ளது.

அக்காலத்துப் படக்கருவி கனத்த மரப்பெட்டி. அதனை முக்காலியின்மீது நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்து, வில்லையை முன்னும் பின்னும் நகர்த்தி உருவத்தைத் தெளிவாக்க வேண்டும். அதன்பின் கண்ணாடித் தகட்டைச் செருக வேண்டும். தகட்டின் மீதிருந்த பூச்சு ஒளியை மெல்லப் பற்றிக்கொள்வது. நொடியின் சிறு பகுதியில் பறக்கும் இறகை அது பதிய வைக்காது. தொலைவிலுள்ளதை அருகிற் காட்டும் நீண்ட வில்லைகளும் அன்று அரிது. ஆகவே படமெடுப்பவன் பறவைக்குச் சில அடித் தொலைவுக்குள் செல்ல வேண்டும்; பறவை எங்கு வந்து அமரும் என்பதனை முன்கூட்டியே அறிந்து வில்லையை அவ்விடத்தில் நிலைநிறுத்த வேண்டும்; நல்ல வெயிலும் வேண்டும். சிறகுடைய உயிர் எங்கு வந்து அமரும் என்று யார் அறிவார்? ஓரிடத்தை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். குஞ்சு பசித்திருக்கும் கூட்டுக்குத் தாய் வந்தே தீரும். எவ்வளவு அச்சமிருந்தாலும் வரும். அவ்வச்சத்தையும் அன்பையும் தராசின் இரு தட்டுகளில் வைத்து, அன்பு தாழும் வரை மறைவில் காத்திருப்பதே பறவைப் படக்கலையின் முதல் ஐம்பதாண்டு வித்தை என்று கூறினால் அது மிகையாகாது.

அவ்வித்தை இந்தியாவுக்கு வந்தபோது அதனைக் கையாண்டவர்களுள் பெரும்பாலோர் படையிலும் பிற அரசுப் பணிகளிலும் இருந்த ஆங்கிலேயர். காட்டில் புலியின் காலடியில் கம்பி இழுபட்டு மின்னொளி தெறிக்குமாறு அமைத்து, 1927-இல் நூல் வெளியிட்ட வன அலுவலர் சாம்பியனின் புகழ் பரவலாக அறியப்பட்டது. அவரளவு பேசப்படாதவர்கள் படைத்துறையைச் சேர்ந்த பேட்சும், அவரோடு இணைந்து பணியாற்றிய லோதரும். பேட்சின் இந்தியப் பறவை வாழ்வு பற்றிய நூல் 1931-இலும், லோதரின் 'இந்தியாவில் ஒரு பறவைப் படப்பிடிப்பாளர்' என்ற பொருள்படும் நூல் 1949-இலும் வந்தன. இருவரும் சேர்ந்து 1952-இல் வெளியிட்ட காசுமீர் நூலின் தலைப்பிலேயே, அது கூடுகட்டும் பறவைகளைப் பற்றியது என்ற செய்தி அடங்கியிருந்தது.

இத்தகையோர் கையாண்ட முறை நயமானது. கூட்டிலிருந்து தள்ளித் துணியாலான சிறு மறைகூடாரம் ஒன்றை நிறுத்துவர். பறவை அதற்குப் பழகியதும் மறுநாள் சிறிது அருகே நகர்த்துவர். அடுத்த நாள் இன்னும் சிறிது. கூடாரம் உரிய தொலைவுக்கு வந்ததும் இருவராக அதனுள் நுழைவர். ஒருவர் மட்டும் வெளியேறிப் பேச்சொலி எழுப்பிக்கொண்டு போய்விடுவார். எத்தனை பேர் நுழைந்தனர், எத்தனை பேர் வெளியேறினர் என்று பறவை கணக்கு வைப்பதில்லை. ஆள் போய்விட்டான் என்று நம்பிக் கூட்டுக்குத் திரும்பும். உள்ளே எஞ்சியிருப்பவர் வெயிலில் வியர்த்துக் கொட்ட, மூச்சையும் அடக்கிக்கொண்டு அமர்ந்திருப்பார்.

இனித் தில்லிக்கு வருவோம். இந்நகரம் பறவைகளுக்கு உகந்த ஊராக அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1911-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பெற்று, 1931-இல் புது நகரம் திறந்து வைக்கப்பட்டபோது, வறண்ட மேட்டு நிலத்தில் சாலைதோறும் வேம்பும் நாவலும் மருதும் புளியும் வரிசை வரிசையாக நடப்பட்டிருந்தன. ஆட்சியாளர் தங்குவதற்கெனக் கட்டிய தாழ்ந்த மாளிகைகளைச் சுற்றிப் பல ஏக்கர் பரப்பில் தோட்டங்கள் எழுந்தன. ஒருபுறம் அரவல்லித் தொடரின் முட்காடு. மறுபுறம் யமுனையின் நீர்ப்பரப்பு. காட்டுப் பறவையும் நீர்ப் பறவையும் வழிப்போக்குப் பறவையும் ஒரு தோட்டத்தின் மேலேயே கடந்து செல்லும் ஊர் இது. மரங்கள் முதிர்ந்து பொந்துகள் உண்டாகிய காலத்தில், ஆட்சியும் கைமாறி நாடு விடுதலை பெற்றிருந்தது.

1950-இல் தில்லிப் பறவை நோக்குவோர் சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கியவர் காந்தியடிகளின் நண்பரும் குவேக்கர் நெறியினருமான ஹொரேஸ் அலெக்சாண்டர். நேருவின் மகளார் இந்திரா காந்தியும் அச்சங்கத்தில் ஈடுபாடு கொண்டிருந்தார். சங்கத்தில் முன்னின்று உழைத்த உஷா கங்குலி எழுதிய தில்லி வட்டாரப் பறவைகளின் கையேடு 1975-இல் வெளிவந்தது. அந்நூல் படக்கலை நூல் அன்று. எனினும் ஓர் ஊரைச் சுற்றிக் காலை நடையில் கண்டவற்றைத் தேதியிட்டு எழுதி வைத்தால் அஃது எவ்வளவு பெரிய செல்வமாகும் என்பதனைத் தலைநகரத்தார்க்கு முதன்முதலாக உணர்த்தியது அதுவே என்போம்.

நம் கட்டுரைக்கு நடுவாக நிற்கும் நூல் அதற்குப் பதினைந்து ஆண்டு முந்தியது. இங்கிலாந்தின் முன்னாள் முதலமைச்சர் ராம்சே மக்டானல்டின் மகனார் மால்கம் மக்டானல்டு, 1955 முதல் 1960 வரை தில்லியில் பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்தார். அவர் குடியிருந்த மாளிகை அன்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் வழங்கிய சாலையில் இருந்தது. இன்று அச்சாலை நம் ராஜாஜியின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அரசியல் தூதர்க்குரிய விருந்துகளும் உரையாடல்களும் தொடங்குமுன், விடியற்காலையில் தம் தோட்டத்தைச் சுற்றி வருவது அவர் வழக்கம். யார் எந்த மரத்தில் கூடு கட்டுகின்றனர், யார் யாரை விரட்டுகின்றனர், எந்தக் குஞ்சு எந்நாளில் பறந்தது என்றெல்லாம் குறித்து வைத்தார். அக்குறிப்புகள் 'என் இந்தியத் தோட்டத்துப் பறவைகள்' என்ற பொருள்படும் தலைப்போடு 1960-இல் நூலாயின. ஒரே ஒரு வீட்டுத் தோட்டத்தின் பறவைகளே அந்நூலின் பொருள். நாட்டின் நெடுமலைகளையும் பெருங்காடுகளையும் விட்டு, கொல்லைப்புறத்து மரத்துக்கு இத்தனை பக்கங்கள் ஒதுக்கலாம் என்பதே அன்றைக்குப் புதுமை.

படங்களை எடுத்தவர் கிறிஸ்டினா லோக் என்னும் பெண்மணி. இவர் மலாயாவிற் பிறந்த சீனச் செல்வரும், திரைப்படத் தொழிலிற் பெரும்பெயர் பெற்றவருமான லோக் வான் தோவின் துணைவியாக இருந்தவர். லோக் வான் தோவுக்கும் நம் நாட்டுக்கும் உள்ள உறவு சுவையானது. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது உயிர்தப்பி இந்தியாவுக்கு வந்து சேர்ந்த அவர், சலீம் அலியோடு நட்புக்கொண்டு பறவையியலைப் பயின்றார். பம்பாயில் ஏற்பட்ட அந்நட்பு 1964-இல் அவர் தைவானில் வானூர்தி விபத்தில் மறையும் வரை நீடித்தது. கணவன் மனைவி இருவரும் படக்கருவியோடு மரங்களின் அடியில் காத்துக் கிடந்தவர்கள். தேர்ந்த கலைஞர் ஒருவர் சிட்டுக்குருவிக்கும் மைனாவுக்கும் குக்குறுவானுக்கும் நாட்கணக்கில் காத்திருந்தார் என்பதனை நினைக்கும்போது நமக்கு அந்நூலின்மீது மதிப்பு மிகுகின்றது. சங்கப் புலவர்கள் இல்லத்து இறைப்பில் உறையும் குருவியையும் பாடுபொருளாக்கினர் என்பதை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கின்றோம். நம் வீட்டு இறைப்பை நாம் எத்தனை முறை அண்ணாந்து பார்த்திருப்போம்?

அந்நூலும் கூடுகளையே பெரிதும் நம்பியது. அக்காலத்தில் அதனைத் தவறென எவரும் கருதியதில்லை. கூட்டை மறைக்கும் இலைகளை விலக்கிக் கட்டுவதும், வெயில் படுமாறு சிறு கிளையை ஒடிப்பதும் கலையின் ஒரு பகுதியாகவே பலராற் கொள்ளப்பட்டன. தேர்ந்தவர்கள் படம் முடிந்ததும் கட்டை அவிழ்த்து இலைகளைப் பழையபடி மூடினர். தேராதவர்கள் என்ன செய்தனர் என்பதற்கு நாமே சான்று.

1984 மே மாதம். நாம் குடியிருந்த அரசுக் குடியிருப்பின் வேலியோரத்தில் காகிதப்பூப் புதர் ஒன்று இருந்தது. அதனுள் மார்பளவு உயரத்தில், சின்னான் எனப்படும் கொண்டைக்குருவி இணை மூன்று குஞ்சுகளை வளர்த்து வந்தது. நண்பர் இருவரோடு இரவல் வாங்கிய கருவியும் நம்மிடம் இருந்தது. முட்கிளைகள் இரண்டு கூட்டின்மீது நிழலை வீழ்த்தின. அவற்றைச் சணற்கயிற்றால் இழுத்துப் பின்னே கட்டினோம். காலை எட்டு மணி வெயில் கூட்டின்மீது நேராக விழுந்தது. தாய் புழுவோடு வந்து அமர்ந்த கணத்தில் மூன்று வாய்களும் மலர்ந்தன. படம் நன்கு அமைந்தது. மறுநாளும் எடுக்கலாம் என்றெண்ணிக் கயிற்றை அவிழ்க்காமல் வந்துவிட்டோம். மறுநாள் காலையில் கூடு வெறுமையாக இருந்தது. வேலிக் கம்பத்தின்மீது இரு காகங்கள் அமர்ந்து அலகைத் துடைத்துக்கொண்டிருந்தன. சின்னான் இணை வாயில் இரையோடு புதரைச் சுற்றிச் சுற்றி வந்தது. அப்படம் ஒரு கண்காட்சியில் பரிசு பெற்றது. கயிற்றின் கதையை மூவரும் எவரிடமும் கூறவில்லை. இன்றுதான் எழுதுகின்றோம்.

அறியாமையால் செய்தோம் என்று கூறித் தப்பவும் வழியில்லை. 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பல ஆண்டு முன்பே நடைமுறைக்கு வந்திருந்தது. வேட்டை என்பது யாது என்று வரையறுக்கும் இடத்தில், சுடுதலையும் பிடித்தலையும் பொறிவைத்தலையும் கூறிவிட்டு, பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ குலைத்தலையும் அச்சட்டம் அதே சொல்லுக்குள் அடக்குகின்றது. துப்பாக்கிக்கு மாற்றாக வந்தது படக்கருவி என்று மேலே எழுதினோம். சணற்கயிற்றோடு நின்ற அன்று நாம் எப்பக்கத்தில் நின்றோம் என்பதனைச் சட்டம் தெளிவாகவே சொல்லியிருந்தது, படித்துப் பார்த்தோமில்லை. இன்று ஒளிப்படச் சங்கங்களும் இதழ்களும் பலவாக, கூட்டிலிருக்கும் பறவையின் படத்தை ஏற்பதில்லை என்று விதி வகுத்துள்ளன. பெரும்புகழ் பெற்ற பழைய படங்கள் பல இவ்விதியின்கீழ் வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருக்கும்.

கூட்டை நம்பாமல் வேறு வழியில் சென்றவர் தமிழரிடையே இல்லாமலில்லை. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகனார் மா. கிருஷ்ணன் அவ்வழியில் நம் நினைவுக்கு வருபவர். 1912-இல் பிறந்த இவர், 1950 முதல் கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றிய பத்தி ஒன்றை இடையறாது எழுதி வந்தார். 1996 பிப்ரவரியில் அவர் மறையும் வரை, நாற்பத்தாறு ஆண்டு, அப்பத்தி நிற்கவில்லை. யானைகளின் படங்களால் அவர் பெயர் பரவிற்றாயினும், அணிலும் காகமும் கீரியும் ஓணானும் அவர் எழுத்தில் யானைக்குச் சமமான மதிப்பைப் பெற்றன. வண்ணப்படம் வந்தபின்னும் அவர் கறுப்பு வெள்ளையையே கையாண்டார். பல கருவிகளின் உறுப்புகளை ஒன்றாக இணைத்துத் தாமே அமைத்துக்கொண்ட பளுவான படக்கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். அதனைத் தூக்கிக்கொண்டு நடந்து, விலங்கோ பறவையோ தன் இயல்பில் இருக்கும் நிலையில் எடுப்பதே அவர் முறை. தமிழிலும் அவர் எழுதிய கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் தொகுப்பாக 2002-இல் வந்துள்ளன. வாங்கிப் படிக்க வேண்டிய நூல்.

அன்றைய படக்கலைஞர்க்குப் பொருளும் ஒரு தடை. வெளிநாட்டுக் கருவிக்குச் சுங்கவரி மிகுதி, படச்சுருளும் அருமை. உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் செய்து தந்தது. பின்னாளில் அது நலிந்து மூடப்பட்டது. பரோடாவில் செய்த 'அக்பா கிளிக்' பெட்டி நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். பன்னிரண்டில் ஒன்றைக் காகத்துக்கோ பருந்துக்கோ செலவிடுவதற்கு எந்த வீட்டுத் தலைவி ஒப்புவாள்? திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும் சுற்றுலாவுக்கும் போக எஞ்சியதே பறவைக்கு. அவ்வாறு எஞ்சிய ஒன்றிரண்டும் அரிய பறவைகளைத் தேடிப் பரத்பூருக்கும் வேடந்தாங்கலுக்கும் சென்றன. நாள்தோறும் தலைக்கு மேலே பறந்தவை நாளையும் பறக்கும் என்று நம்பினோம்.

அவ்வாறு நம்பி விட்டவற்றுள் ஒன்று பாறு. இன்றைய இளைஞர்க்கு இதனைக் கூறினால் நம்புவது அரிது: புதுதில்லியின் சாலை மரங்களில் பாறுகள் கூடு கட்டி வாழ்ந்தன. கலூஷின் என்னும் உருசிய அறிஞர் 1967-இல் தில்லியின் 150 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பில் ஊனுண்ணிப் பறவைகளைக் கணக்கிட்டு 1971-இல் வெளியிட்டார். ஏறத்தாழ 2,900 இணைகள். அவற்றுள் 2,400 அளவில் கரும்பருந்து. 400 அளவில் வெண்முதுகுப் பாறு. உலகின் எந்த நகரமும் இத்தகைய எண்ணிக்கையைக் கண்டதில்லை என்று வியந்தனர். தில்லியில் வாழ்ந்த நமக்கு அது வியப்பாகத் தோன்றவில்லை. கட்டடச் சுவரில் பருந்தும் மரத்தில் பாறும் இருப்பது இவ்வூரின் இயல்பு என்றே எண்ணியிருந்தோம்.

1990-களில் அவை மறையத் தொடங்கின. பரத்பூரில் முதலில் கவனிக்கப்பட்ட அவ்வீழ்ச்சி நாடெங்கும் பரவியது. 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தன. மாடுகளுக்கு வலிதீர்க்கக் கொடுத்த டைக்குளோபினாக் என்னும் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004 அளவில் உறுதியாயிற்று. 2006-இல் அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. கரும்பருந்து பிழைத்தது, இன்றும் தில்லி வானில் வட்டமிடுகின்றது. சாலை மரத்துப் பாறு போயிற்று.

இன்று படமெடுப்பது எளிது. கையில் அடங்கும் கருவியே நூறடித் தொலைவிலுள்ள குக்குறுவானின் நெற்றிச் சிவப்பைக் காட்டுகின்றது. ஆயிரம் படம் எடுப்பினும் சுருட்செலவு இல்லை. லோதர் கூடாரத்தில் வியர்த்துக் காத்த இடத்தில், இன்று நடந்துகொண்டே எடுத்துவிடுகின்றனர். கூட்டை நாடிச் செல்லும் தேவை அறவே நீங்கிற்று. தீமை நீங்கிற்றா எனில் முழுதும் இல்லை. பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை ஏமாற்றி வரவழைப்போரும், பகலில் பொந்தில் உறங்கும் புள்ளி ஆந்தையைச் சூழ்ந்து நின்று கைதட்டி எழுப்புவோரும் பூங்காக்களில் உளர். அவர்களை நாம் கடிந்து பேசுவதுண்டு. பேசும்போது காகிதப்பூப் புதர் நினைவுக்கு வந்து குரல் தாழ்ந்துவிடும்.

காலை நடையர்களின் சிறு குறிப்புகளுக்கு இப்போது பெருமதிப்பு ஏற்பட்டுள்ளது. 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 15,500-க்கு மேற்பட்ட பறவை நோக்குவோர் அளித்த ஒரு கோடிக்கு மேற்பட்ட குறிப்புகளைக் கொண்டு எழுதப்பெற்றது. சிட்டுக்குருவி நாடெங்கும் அழிந்து வருகின்றது என்று நாமெல்லாம் புலம்பிக்கொண்டிருக்க, நாடளவில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ நிலையாகவே உள்ளது, பெருநகரங்களில்தான் குறைந்துள்ளது என்று அவ்வறிக்கை காட்டியது. 2012-இல் சிட்டுக்குருவியைத் தன் மாநிலப் பறவையாக அறிவித்த தில்லியும் அப்பெருநகரங்களுள் ஒன்று. அக்குருவி நம் தெருவில் முன்பு எத்தனை இருந்தது என்று கேட்டால் விடை கூற நம்மிடம் ஒரு குறிப்பும் இல்லை. மக்டானல்டின் தோட்டத்துக்கு நூல் உண்டு; நம் தெருவுக்கு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வீடு மாறும்போது பழைய தகரப் பெட்டி ஒன்றைத் திறந்தோம். பரிசு பெற்ற சின்னான் படம் சட்டமிட்டபடியே இருந்தது. அதனடியில், தீப்பெட்டியினும் சற்றே பெரிய சதுரப் படங்கள் பன்னிரண்டு ஓர் உறையில் கிடந்தன. 1979 குளிர்காலத்தில் இந்தியா கேட் புல்வெளியில் பிள்ளைகளை நிறுத்திக் கிளிக் பெட்டியால் எடுத்தவை. ஒன்றில் மூத்தவள் கண்ணை மூடிவிட்டாள் என்பதற்காக அதனை யாரும் ஆல்பத்தில் ஒட்டவில்லை. பிள்ளைகளுக்குப் பின்னே இலையற்ற மரம் ஒன்று. அதன் உச்சியில் கறையைப் போல இரு கரும்புள்ளிகள். உருப்பெருக்கி வைத்துப் பார்த்தோம். கூனிய தோள், கழுத்தடியில் வெளிறிய வளையம். மற்றொன்று சிறகைப் பாதி விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்தவர் நாம், எடுக்கும்போது அவற்றைக் கண்டோமில்லை. நாற்பதாண்டு தில்லி வாழ்வில் நம்மிடம் உள்ள பாற்றின் படம் அஃது ஒன்றே.

படத்தைத் திருப்பி, பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைத்தோம்: வெண்முதுகுப் பாறு, இரண்டு, இந்தியா கேட் புல்வெளி, 1979, சனவரி. மரம் இன்னதென்று அடையாளம் தெரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அம்மரத்தைத் தேடிப் புறப்பட்டோம். கண்ணை மூடிய மூத்தவளும் உடன் வந்தாள்.